அம்மாவின் கை நிற்காமலிருக்க ஒரு ரவுட்டர்

ஜூன் 6, சனி

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: இன்று காலை, பல் துலக்குவதற்கும் முன்பே, இவ்வீட்டின் தலைமை வலையமைப்பு அதிகாரியாக நான் என்னை நியமித்துக்கொண்டேன். எதிர்த்துப் போட்டியிட்டவர் எவருமில்லை. பதவியேற்பு விழாவில், கூடத்து அலமாரியிலிருக்கும் ரவுட்டரின் தூசி அக்காவின் ஒற்றைச் சாக்ஸால் துடைக்கப்பட்டது. சிறப்பு விருந்தினராக ஓர் எறும்பு கலந்துகொண்டது.

"என் சாக்ஸ் எங்கடா?" என்று அக்கா கேட்டாள்.

"அரசுப் பணிக்காகக் கையகப்படுத்தப்பட்டது. கையகமா, காலகமா என்று பிறகு முடிவு செய்வோம்" என்றேன். தலையணை பறந்து வந்தது.

அந்த ரவுட்டர், இணைய கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டி. அதன் நெற்றியில் "இது டோஸ்டர் அல்ல" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அப்பா இன்னும் கவனிக்கவில்லை. கவனிக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

பதவிக்கு என்ன அவசியம் என்று வருங்காலம் கேட்கலாம். காரணம் இருக்கிறது. அம்மா சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாதவர் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் வாயால் சொல்வதை அம்மா வீடியோவில் கையால் சொல்வார். அவர் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வார். சமையலறைக்குப் பக்கத்துச் சின்ன அறை, சுவரில் சாம்பல் நிறத் துணி, அதற்கு முன்னால் அம்மா. கொஞ்ச நாளாக நடுவில் நடுவில் படம் நின்றுவிடுகிறது. அம்மா கையைத் தூக்கியபடி சிலையாகிவிடுகிறார், அதாவது அந்தப் பக்கத்தில் பார்ப்பவர்களுக்கு.

சித்திக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அவரால்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்குமே கை பேசும். அம்மா வேலையில் இருக்கும்போது நாங்கள் மூன்று பேரும் கையாலேயே சண்டை போடுவோம். அந்த நேரத்தில் என்னைப் போல நல்ல பிள்ளையை எங்கும் பார்க்க முடியாது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எடுத்து வைத்திருக்கும் குறும்பு வீடியோக்களையெல்லாம் நண்பன் நெட்டைக்கு அனுப்பிக்கொண்டு, மூச்சுச் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருப்பேன். வெட்டி ஒட்டுவது அவன் வேலை. சத்தம் போடாமல் இருப்பது என் தியாகம்.

ஜூன் 7, ஞாயிறு

அப்பா சீட்டைப் பார்த்துவிட்டார். ஒரு ரொட்டித் துண்டை ரவுட்டர் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வித்தை எனக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

ஜூன் 9, செவ்வாய்

சிரிக்கத் தோன்றவில்லை.

சித்தி மாசமாக இருக்கிறார். இன்று ஸ்கேன். வழக்கமாகச் சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்க விடமாட்டார்கள், ஆனால் சித்தி எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியிருந்தார். "என் அக்கா கைதான் எனக்குப் புரியும்" என்று எழுதினாராம். சித்தப்பாவுக்கும் காது கேட்காது. ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டாண்டில் திரை. திரையில் அம்மா.

டாக்டர் சொன்னது: குழந்தைக்குப் பிரச்சினை எதுவும் இல்லை.

அம்மா கையால் சொன்னது: குழந்தை, பிரச்சினை—

அங்கேயே படம் நின்றுவிட்டது. "இல்லை" கடைசியில் வரும் கை. அது போய்ச் சேரவேயில்லை. அம்மா இந்தப் பக்கம் சொல்லி முடித்துவிட்டுப் புன்னகைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கம் சித்தி, புருவம் சுருங்கிய அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். வயிற்றில் ஜெல், கண்ணில் தண்ணீர். டாக்டர் என்னவோ பேசுகிறார், உதடு அசைகிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் சித்தியே வீடியோவில் வந்து எங்களிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உங்க அம்மா மூஞ்சி அப்படியே கல்லு மாதிரி நின்னுச்சு" என்று அம்மாவைப் போல நடித்துக்கூடக் காட்டினார். ஆனால் கை நடுங்கியது. கையால் பேசுகிறவர்களுக்குக் குரல் நடுங்கினால் அப்படித்தான்.

அம்மா பாத்திரம் கழுவினார். கழுவியதையே மறுபடி கழுவினார்.

ஏன் இப்படி ஆகுது? காசு கட்டுறோம்ல? கம்பெனிக்கு போன் போட்டா ஒரே பாட்டு: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." நான் சாரே இல்லடா!

ஜூன் 10, புதன்

மொழிபெயர்ப்பு நிறுவனம் அம்மாவிடம் மென்மையாகத்தான் சொன்னதாம். இணைப்பு சீராகும்வரை ஆஸ்பத்திரி அழைப்புகள் கிடையாது. சீர்செய்தபின் ஒரு சோதனை அழைப்பு, தேறினால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை வங்கி, பள்ளிக்கூடம் போன்ற சாதாரண அழைப்புகள் மட்டும்.

சித்திக்கு அடுத்த மாத ஆரம்பத்தில் பிரசவம். வேறு யாராவது மொழிபெயர்ப்பார்கள். நன்றாகவே செய்வார்கள். ஆனால் அது அம்மா இல்லை.

நான் எழுந்து நின்று, "கவலைப்படாதீங்க, நான் சரி பண்றேன்" என்று சொன்னேன். சபதம் மாதிரி இருந்தது. அப்பா தலையாட்டினார். அக்கா மட்டும் கையால் ஒரு சொல் சொன்னாள். அதை இங்கே எழுத்தில் எழுத முடியாது.

ஜூன் 13, சனி

ரவுட்டர் தேர்வு ஆராய்ச்சி. நான் முதலில் தேர்ந்தெடுத்தது ஓர் அற்புதம்: எட்டு ஆன்டெனா, சிவப்பு விளக்கு, கவிழ்த்துப் போட்ட சிலந்தி போல. வலை பின்னச் சிலந்தியை விட்டால் வேறு யார்?

அக்கா திரையைத் தன் பக்கம் திருப்பினாள். "விளக்கு அழகா எரியுதான்னு பாக்காத. உள்ள ஓடுற ஃபர்ம்வேரை நம்ம மாத்த முடியுமான்னு பாரு."

ஃபர்ம்வேர் என்றால் ரவுட்டரின் மூளைக்குள் ஓடும் மென்பொருள். கம்பெனிப் பெட்டியில் அது பூட்டு போட்ட வீடு. எந்த அழைப்பு முக்கியம் என்று நாம் சொல்ல முடியாது, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. தயாரித்தவர்களும் ஒருநாள் அதைக் கைகழுவிவிடுவார்கள். திறந்த மூல ஃபர்ம்வேர் அப்படியில்லை. எழுதியது முழுவதையும் யாரும் படிக்கலாம், திருத்தலாம், இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் வேலை முடிந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்களாம். ஆனால் எல்லா ரவுட்டரிலும் ஏறாது. எதில் ஏறும் என்று ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கிறார்கள். சிலந்தி அதில் இல்லை. சிலந்திக்கு எட்டுக் கால் இருந்தும் நிற்க இடமில்லை.

அவர்களுடைய உதவி மன்றத்தில் எங்கள் கதையைப் போட்டேன். 'ஈரச்சாக்ஸ்' என்ற புனைபெயரில் ஒருவர் உடனே பதில் போட்டார். வீடியோ நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், வீட்டிலிருந்து வெளியே போகும் வழி அடைத்துக்கொள்வதுதானாம். பெரிய கோப்பு ஒன்று வாசலை மறித்துக்கொண்டு நின்றால் சின்ன வீடியோத் துண்டுகள் பின்னால் நின்று மூச்சு முட்டும். வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி இந்த ஃபர்ம்வேரில் உண்டு.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரே நொடியில் பிடித்துக்கொண்டார். "பீரோவை ஏத்துறவன் லிஃப்ட் கதவை மறிச்சிட்டு நிக்கிறான். கைக்குழந்தையோட வந்தவங்க வெளிய நிக்கிறாங்க. முதல்ல அவங்கள ஏத்தி விடுறதுக்கு உள்ள ஒரு ஆள் வேணும். அதானே?"

அதேதான். நான் ஒரு பக்கம் படித்ததை அவர் ஒரு லிஃப்டில் ஏற்றி இறக்கிவிட்டார்.

'ஈரச்சாக்ஸ்' இன்னொன்றும் கேட்டார்: அம்மா அழைப்பில் இருக்கும்போது வீட்டில் வேறு யாராவது எதையாவது அனுப்புகிறார்களா?

பெருமையோடு பதில் போட்டேன்: "இல்லை. அம்மா வேலை செய்யும்போது எங்கள் வீடு மிகவும் அமைதியாக இருக்கும்."

ஜூன் 14, ஞாயிறு

கடைக்குப் போனோம். அட்டவணையில் இருந்த ரவுட்டர் கண்ணில் பட்டது. வெள்ளை நிறம், இரண்டே ஆன்டெனா, சோப்புப் பெட்டி போல. அழகில்லை. இருந்தாலும் கடமை.

"தம்பி, எதுக்கு இந்த மாடல்? புதுசு நிறைய வந்திருக்கே" என்றார் கடைக்காரர்.

"அண்ணே, இதோட ஜாதகமே எனக்குத் தெரியும்" என்றேன்.

அக்கா கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்: "பெட்டிய கவுத்து, அடியில ஒட்டியிருக்கறத படிச்சிட்டு வாங்கு." படிக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கடையில் கேமரா விற்பனைக்கு ஒரு பெரிய திரை. அதில் என் முகமே தெரிந்தது. அப்பாவின் தலைக்குப் பின்னால் விரல்களால் கொம்பு வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வாழ்க்கையில் எத்தனை முறை வரும்?

வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தோம். அடியில்: பதிப்பு 3.

அட்டவணையில் இருப்பது பதிப்பு 2. அதே பெயர், அதே பெட்டி, அதே படம். உள்ளே வேறு சிப். அதில் நம் ஃபர்ம்வேர் ஏறவே ஏறாது.

"ஜாதகம் பாத்தியே, நட்சத்திரம் பாத்தியா?" என்றாள் அக்கா.

மறுபடி ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தேன். அப்போதும் 3தான்.

ஜூன் 15, திங்கள்

அப்பா வேலை முடித்து நேரே கடைக்குப் போயிருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவுமில்லை. கடைக்காரரும் முகம் சுளிக்கவில்லையாம். பின்னால் போய், யாரோ திருப்பிக் கொடுத்த பொருட்களைக் குடைந்து, அட்டைப்பெட்டி இல்லாத ஒன்றைத் தேடி எடுத்து, தானே கவிழ்த்துப் பார்த்து, "பதிப்பு ரெண்டு. தம்பிகிட்ட சொல்லுங்க, இனிமே அடிய பாத்துட்டு தலைய பாக்கச் சொல்லுங்க" என்றாராம்.

அந்த மனிதருக்கு நன்றி. அப்பாவுக்கும். எனக்காக இன்னொருவர் போய் நிற்பது என்றால் என்ன என்று இன்று தெரிந்தது. பெட்டியோடு கூடவே ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்தார். கொம்பு வைத்தது தெரிந்தால் கொடுத்திருப்பாரா, தெரியவில்லை.

ஜூன் 20, சனி

வெற்றி! வெற்றி! வெற்றி!

திறந்த மூல ஃபர்ம்வேர் ஏறியது. கம்பெனிப் பெட்டி இனிமேல் இணைப்பை உள்ளே கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மற்றதையெல்லாம் நம் சோப்புப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

ஏறும்போது நடுவில் கரண்ட் போனால் ரவுட்டர் செங்கல்லாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள். அப்பா மெயின் ஸ்விட்ச் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டார். போகிற கரண்ட்டை அவர் எப்படிப் பிடித்து நிறுத்துவார் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். விளக்கு அணைந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பிறகு மெதுவாக, பூனை கண் திறப்பது போல, பச்சை.

அம்மா என் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். "என் செல்லம்டா நீ."

நெட்டைக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: "இனி என்னை டாக்டர் என்று அழைக்கவும். ரவுட்டருக்கு மூளை மாற்று அறுவை சிகிச்சை செய்தவன்." வகுப்பு முழுக்கப் பரப்பச் சொன்னேன். அவன் பரப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஜூன் 22, திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

புது ஃபர்ம்வேரில் ஒரு வரைபடம் இருக்கிறது. வீட்டில் எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று கோடு போட்டுக் காட்டும். பூட்டு போட்ட பழைய பெட்டி இதையெல்லாம் காட்டவே காட்டாது. இன்று அம்மாவுக்கு வங்கி அழைப்பு ஒன்று இருந்தது. வரைபடத்தைத் திறந்து வைத்து, ரசிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அம்மாவின் கோடு சின்னதாக, சமர்த்தாக ஓடியது. அதன் தலைக்கு மேலே ஒரு மலை எழுந்தது. வெளியே போகும் வழி முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரே மலை.

எவன்டா இவன் என்று பெயரைப் பார்த்தேன்.

என் கணினி.

நெட்டைக்குப் போய்க்கொண்டிருந்த வீடியோ. நான் ஹெட்ஃபோனோடு, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல், நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அழைப்பில் இருந்தால் சத்தம் போடக்கூடாது. சின்ன வயதிலிருந்து எங்களுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். சத்தம் போடாத வேலை எது என்று தேடித் தேடி, சரியாக அந்த நேரத்துக்கே அனுப்புவதையெல்லாம் எடுத்து வைத்தேன். ஸ்கேன் அன்றைக்கும். அன்றைக்கு அனுப்பியது நெட்டையின் செருப்பை மின்விசிறியில் கட்டிச் சுற்றவிட்ட வீடியோ. அது போய்ச் சேர்ந்தது. அம்மாவின் "இல்லை" போகவில்லை.

ஒரு செருப்புக்காகவா? ஒரு செருப்புக்காகவா சித்தி அப்படிப் படுத்திருந்தாங்க?

வரிசை ஒழுங்கு இப்போது வேலை செய்கிறது. மலை எழுந்தும் அம்மாவின் படம் நிற்கவில்லை. ஆகவே பிரச்சினை தீர்ந்தது. ஆகவே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆகவே ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை?

ஜூன் 25, வியாழன்

சோதனை அழைப்பு. தேறியது. அம்மா மறுபடி ஆஸ்பத்திரி அழைப்புகளில்.

அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். நிறுவனத்தில் சொல்கிறார், பக்கத்து வீட்டில் சொல்கிறார், காய் வாங்கிய இடத்தில் சொல்கிறார்: "என் பையன்தான் சரி பண்ணினான்." பள்ளியில் ஓர் ஆசிரியர் தன் வீட்டு ரவுட்டரைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்டார். "அடியைத் திருப்பிப் பாருங்கள்" என்றேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

'ஈரச்சாக்ஸ்' எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தார். முதல் ஆளாக அவரிடம் உண்மையைச் சொன்னேன். பதில் வந்தது: "எங்கள் வீட்டில் மலை நான்தான். அதனால்தான் இந்த மன்றத்துக்கே வந்து சேர்ந்தேன்." முகம் தெரியாத அந்த ஆளை நினைத்து ரொம்ப நேரம் சிரித்தேன். அவர் எழுதியதோ, அவரைப் போல யாரோ எழுதியதோதான் எங்கள் அலமாரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்களை அவர்களுக்குத் தெரியாது. தெரியாமலே செய்திருக்கிறார்கள்.

ஜூலை 1, புதன்

காலையில் அழைப்பு வந்தது. சித்திக்கு வலி எடுத்துவிட்டது. அம்மா தலைமுடியைக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனார். கதவு சாத்தியாயிற்று.

அக்கா போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அலமாரிக்குப் பக்கத்தில் நின்றாள். நான் என் கணினியை அணைத்தேன். பிறகு பிளக்கையும் பிடுங்கினேன். பிறகு போனையும் அணைத்து அப்பாவிடம் கொடுத்தேன். ஃபர்ம்வேரை நம்பினேன், என்னைத்தான் நம்பவில்லை. அப்பா ஒரு மாதிரி பார்த்துவிட்டு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சைகை அழைப்பில் அந்தப் பக்கத்துச் சத்தம் அம்மாவின் ஹெட்ஃபோனுக்குள்ளேயே நின்றுவிடும், வெளியே கேட்காது. நாற்காலி கிறீச்சிடும், அவ்வளவுதான். ஆனால் சித்தி கையால் சொல்வதை அம்மா டாக்டருக்கு வாயால் சொல்ல வேண்டும். அப்படியே, சித்தியாகவே சொல்ல வேண்டும். அதுதான் அந்த வேலையின் முறை.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "என்னால முடியல. முடியல. விட்டுருங்க."

அப்பா துள்ளி எழுந்து கதவில் கை வைத்துவிட்டார். பிறகுதான் நினைவு வந்து, மெதுவாகக் கையை எடுத்தார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"தண்ணி வேணும்." "என் வீட்டுக்காரரை வெளிய அனுப்பாதீங்க." "இன்னும் எவ்வளவு நேரம்?" எல்லாம் சித்தி. எல்லாம் அம்மாவின் தொண்டையில். நாங்கள் சித்தியின் குரலைக் கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டோம்.

அக்கா அலமாரியிலிருந்து கையைக் காட்டினாள்: ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவில்லை.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு: "அழுவுதா? என் குழந்தை அழுவுதா? சத்தம் எப்படி இருக்கு?"

அதற்கு அம்மா கையால் என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. நாங்கள் கதவுக்கு இந்தப் பக்கம்.

கடைசியாக அம்மாவின் அழுகை கேட்டது. அது மொழிபெயர்ப்பு இல்லை.

பெண் குழந்தை.

ஜூலை 5, ஞாயிறு

இன்று சித்தி வீட்டிலிருந்து வீடியோவில் வந்தார். மடியில் குழந்தை, துணி சுற்றி, முகம் மட்டும் வெளியே. சிவப்பாக, கோபமாக. எங்கள் குடும்பம்தான்.

அம்மா என்னைப் பிடித்து இழுத்து முன்னால் உட்காரவைத்தார். சித்தி குழந்தையைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் எனக்கு நன்றி சொன்னார். சும்மா ஒரு நன்றி இல்லை. உன் அம்மா கை ஒரு தடவைகூட நிற்கவில்லை, நான் பயப்படவே இல்லை, நீ இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று நீளமாக. சித்தப்பா பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டே இருந்தார்.

தாங்க முடியவில்லை.

கையைத் தூக்கினேன். சொல்ல ஆரம்பித்தேன். ஸ்கேன் அன்றைக்கு அம்மாவை நிற்கவைத்தது ரவுட்டர் இல்லை, நான். செருப்பு வீடியோ. மலை. சைகையில் மலை என்று சொல்லும்போது கை பெரிதாகப் போகும், மறைக்கவே முடியாது. ரவுட்டரைத் தேர்ந்தெடுத்தது அக்கா. தப்பானதை வாங்கியது நான், மாற்றி வாங்கியது அப்பா. ஃபர்ம்வேரை ஏற்றும் பொத்தானை அழுத்தியதுகூட நான் இல்லை. செங்கல்லாகிவிடுமோ என்று பயந்து, "அக்கா, நீயே அமுக்கிடு" என்றேன். இந்த நோட்டிலேயே அதை விட்டுவிட்டுத்தான் மூன்று முறை வெற்றி எழுதினேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். "சொல்லிட்டியா? நான் முதல் நாளே பாத்துட்டேன், மலைய" என்றாள் சாதாரணமாக. அம்மா என் தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

சித்தி வாயைத் திறந்து, புருவத்தைச் சுருக்கி, ஒரு கையைப் பாதியில் தூக்கி, அப்படியே கல்லாக நின்றார். அசையவே இல்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்து நான் பதறி ரவுட்டரைப் பார்க்க ஓடினேன். பின்னால் அம்மா, அப்பா, அக்கா மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் திரையில் சித்தியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு மறுபடி அதே கை, அதே திறந்த வாய், பிறகு விரல் என்னைக் காட்டியது. அதுதான் இனி என் சைகைப் பெயராம். காது கேளாதவர்கள் வைத்தால் வைத்ததுதான், மேல்முறையீடு கிடையாது. இனி சொந்தத்தில் யார் என்னைக் கூப்பிட்டாலும் இப்படித்தான்.

குழந்தைக்குத்தான் இன்னும் பெயர் வைக்கவில்லை.